தீவைக் காக்க எவ்வளவு கொடுப்பீர்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீவுச் சுற்றுலா, அதன் சூழல் பாதுகாப்பு, அதற்காகப் பயணிகள் கொடுக்க முன்வரும் தொகை ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, புதுச்சேரியில் சுற்றுலாப் பொருளியலைக் கற்பித்தும் ஆய்ந்தும் வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். படகு நேரம், அறை முன்பதிவு பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், முதலில் கேட்டவருக்கு மட்டுமே விரிவான பதில் உண்டு.

ஆய்வு மாணவி, காலாப்பட்டு: பிச்சாவரத்தை வைத்து ஆய்வேடு எழுதுகிறேன். "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று பயணிகளிடம் நேரே கேட்டால் போதாதா? அட்டைகளைக் காட்டித் தெரிவு செய்யச் சொல்லும் முறை எதற்கு?

நேரே கேட்கலாம். ஆனால் கையில் கிடைப்பது ஒரே ஓர் எண்ணாக இருக்கும். ஒருவர் ஐம்பது ரூபாய் கொடுப்பதாகச் சொன்னால், அது சுரபுன்னைக் காட்டுக்காகவா, நல்ல கழிப்பறைக்காகவா, வெயிலில் வரிசையில் நிற்காமல் படகேறுவதற்காகவா என்று பிரித்தறிய வழியில்லை. அட்டை காட்டும் முறையான தெரிவுச் சோதனையில் பயணத்தைப் பல கூறுகளாகப் பிரித்து வைக்கிறோம். பிச்சாவரத்துக்கு நான் பரிந்துரைக்கும் கூறுகள், ஒரே நேரத்தில் வாய்க்காலில் இருக்கும் படகுகளின் எண்ணிக்கை, துடுப்புப் படகா மோட்டார் படகா என்பது, வேர்களில் சிக்கிக் கிடக்கும் குப்பையின் அளவு, உள்ளூர் வழிகாட்டி உடன்வருவாரா என்பது, இவற்றோடு தலைக்கு இவ்வளவு என்ற கூடுதல் கட்டணம். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பயணங்களை விவரித்து, "இப்போது இருப்பதே போதும், கூடுதலாக எதுவும் தரமாட்டேன்" என்ற மூன்றாவது வாய்ப்பையும் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால், விருப்பமே இல்லாதவரும் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். நீங்கள் அதை விருப்பம் என்று கணக்கில் எழுதுவீர்கள்.

கணக்கின் சாரம் எளிது. கட்டணத்துக்கான கெழு (ஒரு கூறு பயணியின் தெரிவை எவ்வளவு மாற்றுகிறது என்று காட்டும் எண்) -0.004 என்றும், படகுகள் பாதியாகக் குறைவதற்கான கெழு 0.6 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்துக் குறியை மாற்றினால் 150 ரூபாய் வருகிறது; கூட்டம் பாதியாவதற்கு அந்தப் பயணிகள் தரும் மதிப்பு அது. மனிதர்கள் ஒரு பொருளை அதன் பண்புகளுக்காகவே விரும்புகிறார்கள் என்று 1966-இல் பொருளியலாளர் லங்காஸ்டர் எழுதியதும், தெரிவுகளைப் புள்ளியியலாக்க 1974-இல் இன்னொரு பொருளியலாளரான மெக்ஃபேடன் வகுத்த முறையும்தான் இதன் அடித்தளம். மெக்ஃபேடனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

களத்துக்குப் போகுமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். படகுத்துறையில் ஒரு குடும்பத்திடம் அட்டையை நீட்டினால், குறுகிய வாய்க்காலுக்குள் புகும் என்பதற்காக மனைவி துடுப்புப் படகைத் தொடுவார், குழந்தைக்கு வெயில் ஆகாது, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று கணவர் மோட்டார் படகைத் தொடுவார், பின்னால் நிற்கும் பாட்டி, "ஆளுக்கா, படகுக்கா?" என்று கேட்பார். அந்த மூவரில் சரியான கேள்வியைக் கேட்டவர் பாட்டிதான். தொகை தலைக்கா, குடும்பத்துக்கா, படகுக்கா என்பதை அட்டையிலேயே அச்சிடாவிட்டால் உங்கள் எண்களுக்குப் பொருளே இராது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேரும் என்று தெரிந்தே சொல்கிறேன். கிடைத்த சராசரியை அப்படியே நுழைவுக் கட்டணமாகப் பரிந்துரைக்காதீர்கள்.

விடுதி நடத்துபவர், புதுச்சேரி: கருத்துப் படிவத்தில் எல்லா விருந்தினரும் "சூழலைக் காக்கக் கூடுதலாகக் கொடுப்போம்" என்று எழுதுகிறார்கள். பில்லில் 200 ரூபாய் சேர்த்தால் சண்டைக்கு வருகிறார்கள். எதை நம்புவது?

பில்லை நம்புங்கள். படிவத்தில் எழுதுவது இலவசம். அங்கே நல்லவராக இருக்க எவருக்கும் செலவு இல்லை. கற்பனையில் சொல்லும் தொகை, உண்மையில் கொடுக்கும் தொகையை விடக் கூடுதலாகவே இருக்கும் என்பது இத்துறையில் மிகப் பழைய கண்டுபிடிப்பு. அதைக் குறைக்க வழிகள் உள்ளன. இது போன்ற கேள்விகளுக்கு மனிதர்கள் மிகைத்துச் சொல்வது வழக்கம் என்று கேட்பதற்கு முன்பே விளக்கிச் சொல்வது ஒன்று. பொருளியலாளர்கள் கம்மிங்ஸ், டெய்லர் இருவரும் 1999-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். இதே பணத்தில் அவர் வேறு எதையெல்லாம் வாங்க முடியும் என்று நினைவூட்டுவது இன்னொன்று. பதிலைப் பொறுத்தே கட்டணம் முடிவாகும் என்று அவரை நம்பவைப்பது மூன்றாவது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் சிக்கல் இதோடு முடியவில்லை. அந்த 200 ரூபாய் எங்கே போகிறது என்று பில்லில் எழுதியிருந்தீர்களா? "பசுமைக் கட்டணம்" என்ற ஒரு வரியைப் பார்த்தால் நானும் சண்டைக்குத்தான் வருவேன்.

பெயர் குறிப்பிடாதவர்: சுண்ணாம்பாற்றிலிருந்து பாரடைஸ் கடற்கரைக்குச் செல்லப் படகுக் கட்டணத்துக்கு மேல் எவ்வளவு வாங்கலாம்? ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

ஆய்வு செய்யாமல் தொகை சொல்பவரிடம் கேளுங்கள்.

பயண எழுத்தாளர், கடலூர்: உலகில் எந்தத் தீவுகள் இப்படிக் கட்டணம் வாங்குகின்றன? அவற்றில் நாம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா?

மாலத்தீவு 2015 நவம்பரில் விடுதிகளில் தங்கும் வெளிநாட்டவரிடம் ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி வாங்கத் தொடங்கி, 2025 தொடக்கத்தில் அதை 12 டாலராக்கியது. சிறு விருந்தினர் இல்லங்களுக்கு அதில் பாதி. பலாவு 2018 முதல் 100 டாலரை விமானச் சீட்டிலேயே சேர்த்துவிட்டது. பாலி 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டவரிடம் 1,50,000 ரூபியா வாங்குகிறது. எக்வடோரின் கலாபகசு தீவுகளில் வெளிநாட்டவருக்கான கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலரானது. எக்வடோர் நாட்டவர் அதில் சிறு பங்கையே கொடுக்கிறார்கள்.

ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கரீபியக் கடலில் உள்ள பொனேர். அங்குள்ள கடற்பூங்கா 1992-இல் ஆழ்நீச்சல்காரர்களிடம் ஆண்டுக்கு 10 டாலர் வாங்கத் தொடங்கியது. அதே காலத்தில் எடுத்த ஆய்வில், அவர்கள் கொடுக்க முன்வந்த சராசரித் தொகை ஏறத்தாழ 27 டாலர் என்று தெரிந்தது. பத்துக்கும் இருபத்தேழுக்கும் உள்ள அந்த இடைவெளியைப் பூங்கா நிர்வாகத்தின் இழப்பு என்று சிலர் எழுதுவார்கள். நான் அதைப் புத்திசாலித்தனம் என்பேன். சராசரியில் கட்டணம் வைத்தால், சராசரிக்குக் கீழே சொன்ன அத்தனை பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். பத்து டாலரில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தது. பணம் கட்டியவர் தம் நீச்சல் கருவியில் மாட்டிக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள்; யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது படகில் எல்லோருக்கும் தெரியும். வசூலான பணம் அந்தப் பூங்காவை நடத்தவே செலவானது. கட்டணம் குறைவு, செலவு கண்முன்னே, ஏய்ப்பவர் தனித்துத் தெரிவார் என்ற இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது.

முதுகலை மாணவர், சிதம்பரம்: எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

தெரிவுச் சோதனைக்குப் பழக்கத்தில் உள்ள ஒரு விதி உண்டு. ஒரு கூறு அட்டைகளில் எடுக்கும் வெவ்வேறு மதிப்புகளே அதன் நிலைகள்; கூறுகளில் மிக அதிகமான நிலைகள் எத்தனையோ அதை 500-ஆல் பெருக்கி, ஒருவருக்குக் காட்டும் அட்டைகளையும் ஓர் அட்டையிலுள்ள பயணங்களையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நான்கு நிலைகள், ஆறு அட்டைகள், அட்டைக்கு இரண்டு பயணங்கள் என்றால் 167 பேர் வருகிறது. இது குறைந்தபட்சம். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பிரித்து ஒப்பிடுவதானால் ஒவ்வொரு பிரிவுக்கும் இதே அளவு வேண்டும்.

ஆசிரியர், விருத்தாசலம்: இலட்சத்தீவுக்கு அனுமதி எப்படிப் பெறுவது?

என் துறை இல்லை. முன் அனுமதியின்றிப் போக முடியாது என்பது மட்டும் தெரியும். அத்தீவுகளின் நிர்வாகத்தைக் கேளுங்கள்.

படகோட்டி, கிள்ளை: ஐயா, கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் என்கிறீர்கள். கூட்டம் குறைந்தால் எங்களுக்கு ஓட்டம் குறையும். வசூலாகும் பணம் மேலே போய்விடும். இதில் எங்களுக்கு என்ன?

கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் என்று நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு, வழியில் சாப்பிட்டு, குடும்பத்தோடு வருபவருக்கு ஐம்பது ரூபாய் கூடினால் அவர் திரும்பிப் போகமாட்டார். காணும் பொங்கலன்று அந்தப் படகுத்துறையைப் பார்த்தவருக்கு இது விளங்கும். சிறிய கட்டணத்தால் பணம் திரட்ட முடியுமே தவிர, கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது. கூட்டம் குறைய வேண்டுமானால் எண்ணிக்கைக்கே வரம்பு வைக்க வேண்டும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடாமல் பின்புறம் நிறுத்தி, உள்ளே இருப்போரின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதித்தார்கள். நம் ஊரில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்ததும் எண்ணிக்கையை அறியவே. அதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பயணிகளிடம் கேட்கும்போதும் இதுவே வெளிப்படுகிறது. "கொடுக்கமாட்டேன்" என்பவரிடம் ஏன் என்று கேட்டால், ஒரு சாரார் தம்மிடம் பணமில்லை என்பார்கள். இன்னொரு சாரார், "கொடுக்கலாம், ஆனால் அது காட்டுக்குப் போய்ச் சேராது" என்பார்கள். முதலாமவர் சொல்லும் சுழியம் உண்மையான சுழியம். இரண்டாமவர் சொல்வது எதிர்ப்புச் சுழியம். அவர் காட்டை மதிக்காதவர் இல்லை, வசூலிப்பவரை நம்பாதவர். இருவரையும் ஒரே பெட்டியில் போட்டுச் சராசரி எடுக்கும் ஆய்வேடுகளை ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கிறேன். பணத்தை யார் வைத்திருப்பார் என்பதையும் அட்டையில் ஒரு கூறாக்கி, துறையின் பொதுக் கணக்கு, படகோட்டிகளும் கிராமத்தாரும் சேர்ந்த குழு என்று மாற்றி மாற்றிக் காட்டினால், நம்பிக்கைக்கே ஒரு விலை உண்டு என்பது வெளிப்படும்.

ஓய்வுபெற்ற தொழிலாளர், நெய்வேலி (மேற்கண்ட பதிலுக்கு): கடலும் கழிமுகமும் பொதுச்சொத்து. பேரனுக்கு அலையாத்திக் காட்டைக் காட்ட நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? உங்கள் கூட்டம் எல்லாவற்றுக்கும் விலை ஒட்டுகிறது.

விடுதி நடத்துபவர், புதுச்சேரி (மீண்டும்): விலை ஒட்டாததால்தான் கரையெல்லாம் பாட்டிலாகக் கிடக்கிறது. இலவசம் என்றால் எவருக்கும் மதிப்பு இருப்பதில்லை.

இந்த வாக்குவாதம் மற்ற கேள்விகளைவிடச் சுவையாக இருப்பதால் இங்கேயே சற்று நிற்கிறேன்.

நெய்வேலி ஐயாவின் கோபத்துக்கு இத்துறைக்குள்ளேயே ஆதரவு உண்டு. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்சான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கடற்கரையை ஒருநாளும் பார்க்காத அமெரிக்கக் குடும்பங்களிடம், இப்படி இன்னொன்று நேராமல் தடுக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு இடைநிலையாக (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் தர முன்வந்த தொகை) 31 டாலர்; நாடு முழுவதற்கும் 280 கோடி டாலர் என்று கணக்கு வந்தது. எண்ணெய் நிறுவனம் தன் பக்கத்துப் பொருளியலாளர்களை இறக்கியது. அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இன்றும் வகுப்பில் சிரிப்பை வரவழைக்கும். எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் பறவைகளைக் காக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மூன்று குழுக்களிடம் கேட்டதில், 2,000 பறவைகளுக்கு 80 டாலர், 20,000-க்கு 78 டாலர், 2,00,000-க்கு 88 டாலர் என்று பதில் வந்தது. பறவைகள் நூறு மடங்கானாலும் தொகை அசையவில்லை. பொருளியலாளர்கள் ஆரோவும் சோலோவும் தலைமை தாங்கிய வல்லுநர் குழு 1993-இல், கடுமையான விதிகளைப் பின்பற்றினால் இத்தகைய ஆய்வை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று கூறியது. தொகையைச் சொல்லச் சொல்லாமல், குறிப்பிட்ட தொகைக்கு ஆம், இல்லை என்று வாக்களிக்கச் செய்ய வேண்டும் என்பது அவ்விதிகளில் ஒன்று.

ஆகவே ஐயா, நாங்கள் ஒட்டும் விலை எவ்வளவு தளர்வானது என்பது எங்களுக்கே தெரியும். ஆனாலும் விலை ஒட்டாத இடத்தில் என்ன நடக்கிறது? இறால் பண்ணைக்கோ துறைமுகத்துக்கோ அறிக்கை எழுதும்போது வருமானம் கோடிகளில் இருக்கும். காட்டுக்கான கட்டத்தில் ஒரு சிறு கோடு இருக்கும். கூட்டலில் அந்தக் கோடு சுழியமாகிவிடும்.

விடுதிக்காரருக்கும் ஒரு வார்த்தை. பாட்டில் எறிபவர்கள் காசு கொடுக்காமல் வந்தவர்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? "பணம் கட்டியிருக்கிறேன், யாராவது பொறுக்கிக்கொள்ளட்டும்" என்று எறிபவரை நான் படகிலேயே பார்த்திருக்கிறேன்.

உங்கள் இருவர் கண்ணிலும் படாத ஒரு தரப்பு இருக்கிறது. பிச்சாவரத்து வாய்க்கால்களில் நெஞ்சளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் அங்கே உள்ளன. அவர்கள் பயணிகள் இல்லை. ஆய்வாளரின் அட்டை அவர்களிடம் போகாது. அவர்கள் தடவும் வாய்க்காலில் படகுகள் கூடினால் ஏற்படும் இழப்பு, பயணி கொடுக்க முன்வரும் தொகையில் எங்கும் வராது. அவர்களிடம் "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்பதே அநீதி, "எவ்வளவு கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது தொகை முதலாவதைவிடப் பன்மடங்கு பெரிதாக வருவது வழக்கம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருடையது என்பதைப் பொறுத்தே எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதும் அமைகிறது. பயணியின் விருப்பத்தை அளந்துவிட்டு, காட்டின் மதிப்பை அளந்துவிட்டதாக எழுதுபவர்களிடம் எனக்கு உள்ள சண்டை இதுதான்.

ஓய்வுபெற்ற தொழிலாளர், நெய்வேலி: அப்படியானால் என்னிடம் வாங்குவீர்களா, மாட்டீர்களா?

மாவட்டத்துக்காரரிடம் குறைவாகவும், வாரநாளில் வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் எதுவும் வாங்காமலும், வெளியூர்க்காரரிடம் கூடுதலாகவும் வாங்கச் சொல்வேன். தாஜ் மகாலில் இந்தியருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு சீட்டு இருப்பதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பேரனோடு வாருங்கள்.

இல்லத்தரசி, அரியாங்குப்பம்: கட்டணம் என்றாலே எரிச்சல் வருகிறது. குப்பைக்கு மட்டும் வேறு வழி இல்லையா?

இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த வழி அதுதான் அம்மா. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறை 2022-இல் தொடங்கியது. அது கட்டணமில்லை, வைப்புத்தொகை. தீவுக்கு இது இன்னும் பொருந்தும். மலைக்குப் பல பாதைகள் உண்டு, தீவுக்கு ஒரே படகுத்துறைதான். ஏறும்போது ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு வில்லை ஒட்டி வைப்புத்தொகை வாங்கி, இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எறிந்துவிட்டு வருபவரின் பணம், அதைப் பொறுக்கிக்கொண்டு வருபவருக்குப் போகும். ஆய்வுப் படிவத்திலும் வைப்புத்தொகையைத் தனி வாய்ப்பாக வைக்கச் சொல்கிறேன். கட்டணத்துக்கு முகம் சுளிப்பவர்கள்கூட இதற்குத் தலையாட்டுவதைக் காணலாம்.

முதுகலை மாணவர், பண்ருட்டி: எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்?

சிதம்பரம் மாணவருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

சூழல் ஆர்வலர், கடலூர்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் உள்ளன. பொதுவாக அத்தீவுகளில் கால்வைக்க அனுமதி இல்லாதபோது, அங்கே பயணியின் விருப்பத்தை அளப்பதில் என்ன பொருள்?

பொருள் உண்டு. போகாமலேயே ஓர் இடம் இருக்க வேண்டும் என்று விரும்புவதற்கும் மதிப்பு உண்டு என்பதை பொருளியலாளர் குருட்டிலா 1967-இலேயே எழுதினார். ஆனால் அதற்கான கேள்வியைக் கரையிலுள்ள பயணியிடம் மட்டும் கேட்டால் போதாது. திருப்பூரிலும் தருமபுரியிலும் உள்ள வீடுகளுக்குப் போக வேண்டும். மூடிய தீவைத் திறந்தால் எவ்வளவு வசூலாகும் என்று கணக்கிடுவது வேறு வேலை; அதை நான் செய்வதில்லை.

சுற்றுலா முகவர், புதுச்சேரி: சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021-இல், தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதைக் காட்டி விலையை ஏற்றலாமா?

சான்றைப் பற்றிக் கேள்விப்படாதவர் அதற்குப் பணம் தரமாட்டார். நீரின் தூய்மை, உயிர்காப்பாளர், உடைமாற்றும் அறை ஆகியவற்றைக் கண்ணால் காணும்படி செய்யுங்கள். பலகையை நம்பி விலையை ஏற்றாதீர்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: சராசரி 120 ரூபாய் வந்திருக்கிறது. அதையே கட்டணமாகப் பரிந்துரைக்கலாமா?

பொனேர் பற்றி எழுதியதைப் படிக்காமல் கேட்கிறீர்கள். கூடாது. ஒவ்வொரு கட்டண நிலையிலும் எத்தனை விழுக்காட்டினர் மிஞ்சுவர் என்று வரைபடம் போடுங்கள், விலகுபவர்கள் யார், எந்த ஊர், என்ன வருமானம் என்று பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

கல்லூரி மாணவர்கள் குழு, கடலூர்: ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்களால் போக முடியும். எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

எண்ணிக்கையைப் பற்றிய பகுதிக்கு இனிப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றிய பகுதி நல்ல கேள்வி. ஞாயிறன்று மட்டும் எடுத்தால் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்பவர்களே உங்கள் பட்டியலில் இருப்பார்கள். கூட்டத்தை வெறுப்பவர்கள் செவ்வாயன்று வந்துவிட்டுப் போயிருப்பார்கள். கூட்டம் குறைவதற்கான மதிப்பு அதனால் உண்மையைவிடக் குறைவாக வரும். அடிக்கடி வருபவர் உங்கள் வலையில் அடிக்கடி விழுவார் என்பதையும் கணக்கில் சரிசெய்ய வேண்டும். உங்களில் இருவராவது வாரநாளில் ஒரு முறை விடுப்பெடுத்துப் போய்வாருங்கள். படகிலிருந்து இறங்குபவரிடம் கேளுங்கள், ஏறக் காத்திருப்பவரிடம் வேண்டாம். இன்னும் பார்க்காத காட்டுக்கு அவர் என்ன மதிப்புச் சொல்வார்? சீட்டின் விலையைக் கேட்டுவிட்டுப் படகேறாமல் திரும்புபவர்களையும் நிறுத்தி இரண்டு கேள்விகளாவது கேளுங்கள். அட்டைகளை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு படி அனுப்பினால் திருத்தித் தருகிறேன்; அச்சிட்ட பிறகு அனுப்பாதீர்கள்.